நூற்றிருபதாய் நறுக்கிய கிரேட்

காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்கூழ் ஆலை.
ஜூன் மாதத்து இரவு ஷிஃப்ட்.
பத்தாவது பாஸ் என்பதால்
உரிப்பதும் நான், எழுதுவதும் நான்.

எங்கள் மேசையில் ஏழு பேர்.
முழுக் கிரேட்டுகளை எண்ணுவதில் வம்பில்லை.
சங்கு ஊதும்போது பாதியில் நிற்கும்
அரைகுறைக் கிரேட்டில்தான் வழக்கு.
சிவப்பு வாளியென்றால் மூன்று சேர்ந்து ஒரு கிரேட்.
நீல வாளி ஐந்து.
எவர்சில்வர் சட்டி எட்டு.
யார் முன்னால் எது கிடந்ததோ
அதிலேயே அளந்து சொல்வார்கள்.

சாக்கம்மா ஆறும் மூன்றில் ஒன்றும்.
நாகவேணி ஆறும் ஐந்தில் இரண்டும்.
ஜபீன் ஆறும் எட்டில் மூன்றும்.
பவுனு ஏழும் ஐந்தில் ஒன்றும்.
ரத்னம்மா ஆறைத் தொட ஒரு சட்டி குறைவு.
திம்மக்கா ஒன்பதரை.
என்னுடையதை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதினேன்:
ஐந்தும் ஐந்தில் மூன்றும்.

போன வருஷம் சராசரி.
எல்லாவற்றையும் கூட்டி ஏழால் வகுத்து
அதற்குக் கீழே இருந்தால்
ஊக்கத்தொகை கிடையாது.
திம்மக்காவின் கத்தி
ஐந்து பேர் காசையும் சேர்த்து உரித்தது.
அவள் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில்
யாரும் உட்காரவில்லை.
ஒருநாள் அவள் வேண்டுமென்றே மெதுவாக உரித்தாள்.
ஓடத் தெரிந்தவள் நொண்டுவதுபோல
பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த வருஷம் மேனேஜர் புதுசு.
"சராசரி வேண்டாம், இடைநிலை அளவு எடு.
சிறுசிலிருந்து பெருசுவரை வரிசையா நிறுத்து.
நடுவுல நிக்கிறவங்க எவ்வளவோ
அதுதான் கோடு."

ஐந்துகள் ஒரு பக்கம், ஏழும் ஒன்பதும் ஒரு பக்கம்
தாமாகப் போய் நின்றுவிட்டன.
ஆறுகள் மூன்றும் மல்லுக்கு நின்றன.
"ஜபீனுக்கு மூணு, நாகவேணிக்கு ரெண்டு.
மூணு பெருசா, ரெண்டு பெருசா?"
என்றாள் பவுனு,
தனக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில்.

மூன்று, ஐந்து, எட்டு.
மூன்றுக்கும் பொதுவாய் நூற்றிருபது.
ஒரு கிரேட்டை நூற்றிருபதாய் நறுக்கும் கத்தி
இந்த ஆலையில் இல்லை.
அட்டைப்பெட்டி மூடியில்
பேனாவால் நறுக்கினேன்.
சாக்கம்மா நாற்பது.
ஜபீன் நாற்பத்தைந்து.
நாகவேணி நாற்பத்தெட்டு.
சிவப்பும் நீலமும் எவர்சில்வரும் கழன்று விழ,
ஓரிரண்டு பழ வித்தியாசத்தில்
தோளுரச நின்றார்கள் மூன்று பேரும்.

நாலாவது ஆள் ஜபீன்.
கீழே மூன்று, மேலே மூன்று.
நாலு சீசனாய் அவள் பெயர்
சம்பளப் பட்டியலைத் தாண்டி வந்ததில்லை.
மேனேஜர் அதைச் சத்தமாக வாசித்தார்.
எதையோ எடுத்து மாட்டிக்கொண்டவள்போல
துப்பட்டாவில் கையைத் துடைத்தாள்.

"நான் இருபது உரிச்சா?" என்றாள் திம்மக்கா.
கோடு அசையாது.
"நாப்பது?"
அப்பவும் நீ வரிசையில கடைசிதான் அக்கா.
நடுவுல இருந்து பார்த்தா
உன் உயரம் தெரியாது.
மாம்பால் பட்டு வெந்த விரல்களை
ஒருமுறை மடக்கி நீட்டினாள்.
மறுநாள் பத்தரை.

கோட்டுக்குக் கீழே
நான், ரத்னம்மா, சாக்கம்மா.
எப்படி அடுக்கினாலும்
கீழே மூன்று பேர் நின்றால்தான் அது நடு.
நாளைக்கு நான் ஏழு உரிக்கலாம்.
எழுதுகிற நேரத்தை மிச்சம் பிடித்தால் வரும்.
அப்போது கோடு நகர்ந்து நாகவேணிமேல் விழும்.
ஜபீன் கீழே போவாள்,
நூற்றிருபதில் மூன்று துண்டு,
அதாவது ஒரே ஒரு பெங்களூரா.
இதையும் அட்டையில் போட்டுப் பார்த்தேன்.
பிறகு அட்டையைக் கிழித்தேன்.

காலை ஆறு மணி டவுன் பஸ்.
மூவர் சீட்டில் நடுவை எனக்கு விட்டு
ஜன்னலோரம் நகர்ந்தாள் ஜபீன்.
"உனக்கு எவ்ளோ வந்துச்சு?"

ஐந்தேமுக்காலுக்குக்
கொஞ்சம் கம்மி என்றேன்.