இருபத்திரண்டாம் வரிசை

குத்தாயிசியில் ஜனவரி. அரங்கில் ஹீட்டர் இல்லை.
நேற்றைய ஒயின் புட்டியின் தக்கையைப்
பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு வசனம் பேசுகிறேன்.
எச்சில் வழிகிறது. தாடை நோகிறது.
எடுத்ததும் வாய்
யாருடைய வீடோபோல் விசாலம்.

ஒரே வரிதான் சிக்கல்:
“கதவைத் தாழிடவில்லை, மக்வாலா.”
அவள் காதோடு சொல்ல வேண்டும்.
மேலே, இருபத்திரண்டாம் வரிசைக்கும் கேட்க வேண்டும்.

தொண்டையால் தள்ளினால் கமறுகிறது.
கத்தினால் அது ரகசியமில்லை, ஏலம்.
விலா விரிய மூச்சை அடிவயிறுவரை இறக்கி
உயிரெழுத்துகளை விளக்குபோல் அணைத்துவிட்டேன்.
ரகசியத்தில் உயிருக்கு ஒலியில்லை.
மெய்தான் நடந்துபோய்ச் சேர வேண்டும்,
உதட்டில் முட்டி, பல்லில் உரசி,
அண்ணத்தில் ஒரு தட்டு தட்டி.
நல்லவேளை, எங்கள் ஜார்ஜிய மொழியில்
மெய்கள் காலைப் பேருந்தில்போல் நெருக்கியடித்து நிற்கும்.
இந்தக் குளிரில்
மெய்க்கொரு துளி ஆவி கிளம்புகிறது.

கோட்டுகளை வாங்கி மாட்டும் சியூரி
மேலே உட்கார்ந்திருக்கிறாள்.
கேட்டால் கையைத் தூக்கு என்றிருந்தேன்.

முதல் முறை, இல்லை.
இரண்டாம் முறை இருமினாள்.
அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை,
கூரையில் புறா மட்டும்.

ஏழாம் முறை சிவப்புக் கையுறை எழுந்தது.
நான் இன்னும் வரியைத் தொடங்கவே இல்லை.

“என்ன கேட்டது?” என்று கத்தினேன்.
“மூச்சு இழுத்தீர்களே, அது.”

இயக்குநர் எல்குஜா குறிப்பேட்டில் எழுதுகிறார்:
மூச்சு வெளியே கேட்கிறது. பிழை. திருத்து.

சியூரி இன்னும் கையை இறக்கவில்லை.