நேர்காணலுக்கு முந்தைய இரவு

தப்ரீசிலிருந்து யெரெவானுக்குப் பேருந்து.
அராஸ் ஆற்றுப் பாலத்தருகே இறக்கிவிட்டுப்
பைகளைக் கிளறினார்கள்.
ஊர்மியா ஏரி வற்றியதை
ஐலார் ஆண்டுவாரியாக வரைந்த படங்கள்
சேற்றில் விழுந்தன. பொறுக்கிக்கொண்டேன்.

அவள் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.
"சண்டை மூண்டால் விமானம் ஏது?
பிள்ளை அங்கே
யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?"
கேட்டுக்கொண்டே
காலுறைக்குள் டாலரை மடித்துத் தைத்தவளும்
அவள்தான்.

விடுதி அறையில் ஒத்திகை.
நான்தான் தூதரக அதிகாரி.
ஃபிரிட்ஜ் பழுதுபார்த்துக் கறுத்த விரல்களை
மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டு கேட்கிறேன்:
"படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவாயா?"

"திரும்புவேன்."

தயங்காதே. இன்னொரு முறை.

"திரும்புவேன்."

கண்ணைப் பார்த்துச் சொல்.

"திரும்புவேன், அப்பா."

அப்பா என்று அங்கே சொல்லிவிடாதே.

ஏழாவது முறை
நானே நம்பிவிட்டேன்.
போதும், தூங்கு என்றேன்.

விளக்கணைத்து வெகுநேரம் கழித்துப்
பக்கத்துக் கட்டிலிலிருந்து கேட்டாள்:
"உங்களுக்கு எந்தப் பதில் வேண்டும்?
அதிகாரிக்கு இல்லை. உங்களுக்கு."

வெளியே கடைசி டிராலிபஸ்
கம்பியை உரசிக்கொண்டு போனது.

வாழ்நாளில் குறட்டை விட்டறியாத நான்
குறட்டை விட்டேன்.