நாற்பத்தாறு கிலோ

காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டித் தராசில்
ஏறி நின்றேன். நாற்பத்தாறு.
“ஒரு கூடை செந்தூராவைத் தூக்கிக்கோ,
சரியாயிடும்” என்றார் அக்பர் பாஷா.

படகைச் சாயாமல் பிடிக்க அறுபது வேண்டும்.
மீதியை ஆறு சுற்று மருந்து தின்றுவிட்டது,
புருவத்தையும் சேர்த்து.

கிருஷ்ணகிரி அணை. காலை ஏழு மணி.
நெஞ்சில் புதைத்த ஊசிவாசல் மேல்
மிதவைச் சட்டை உரசுகிறது.
மலைப்பக்கக் காற்று
முதலில் நீரைக் கறுப்பாக்கும்,
பிறகுதான் பாய்க்கு வரும்.
அந்த இடைவெளிக்குள்
கால்களைப் பட்டையில் மாட்டி
முதுகைத் தண்ணீருக்கு மேல் கிடத்துகிறேன்,
இல்லாத பதினாலு கிலோவையும் சேர்த்து.

இன்று நாலு முறை கவிழ்ந்தேன்.
நாலாவதில் மூச்சு வாங்கியபோது
பரிசலில் வலை இழுத்துக்கொண்டிருந்த குப்பாண்டி
துடுப்பை நீட்டினார்.

தொடவில்லை.
ஒலிம்பிக் தகுதிப் போட்டியில்
பிறர் உதவியைத் தொட்டால் கணக்கில் சேராது.
இன்னும் எழுபது நாள் இருக்கிறது,
கைக்கு இப்போதே
கெட்ட பழக்கம் வேண்டாம்.