அறிவிப்பு: சி புளோக்

எந்த அறிவிப்பும் மூன்று மொழியில் ஒட்ட வேண்டும்.
மலாய், ரொஸ்லி எழுதுவார்.
சீனம், ஆறாம் மாடி சியூ லெங்.
தமிழ் என் தலையில் விழுந்தது,
முதல் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால்.

‘மின்தூக்கி பழுது’ என்று எழுதி ஒட்டினேன்.
விடிவதற்குள் யாரோ அதை அடித்து
மேலே ‘லிப்ட்’ என்று போட்டிருந்தார்கள்
சிவப்பு மையில், வாத்தியார் கையெழுத்தில்.
நியாயம்தான்.
தூக்காத ஒன்றை எதற்குத் தூக்கி என்பது.

பதினேழு மாடிக்கு இரண்டு லிப்ட்.
ஒன்று போன வருட மழையில் நின்றது.
குழிக்குள் தண்ணீர், தண்ணீரில் தவளை;
செந்தூல் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத தவளை
எங்கள் லிப்டுக்கு அடியில் கத்தியது.
மற்றது, தைப்பூசத்துக்கு முந்திய புதன்கிழமை,
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்
இரண்டு ஆட்களோடும் ஒரு சோபாவோடும்
அப்படியே நின்றுவிட்டது.
ஆட்களை போம்பாக்காரர்கள் வெளியே இழுத்தார்கள்.
சோபா உள்ளே.
பதினாலாம் மாடி யோகமலர் தவணையில் எடுத்தது.
சோபா நின்றாலும் தவணை நிற்காது.

மோட்டார் ஜொகூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.
பிறகு மோட்டார் இல்லை, போர்டு என்றார்கள்.
பிறகு எண்பத்தாறாயிரம் வெள்ளி என்றார்கள்.
அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாக்கி வைத்தவர்கள் பட்டியலை ஒட்டச் சொன்னது கமிட்டி.
நூற்றுப் பன்னிரண்டு வீடு.
எழுபத்தொன்றாவது வரியில் 11-07,
மூன்று மாதம், நூற்றைம்பது வெள்ளி.
என் வீடு.
அந்த வரியை மட்டும் கொஞ்சம் அழகாக எழுதியிருக்கிறேன்,
போய்ப் பாருங்கள்.

படி இருக்கிறதே என்றார்கள் கீழ் மாடிக்காரர்கள்.
இருந்தது.
எட்டாம் மாடியில் யார் வீட்டுக் கருவாடு,
பன்னிரண்டில் எத்தனை நாளாய் விளக்கில்லை,
எல்லாம் முழங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது.
பூவரசன் கேஸ் தோம்பு தூக்கினான்,
மாடிக்கு ஐம்பது காசு.
சீனப் பெருநாள் வாரத்தில் ஆரஞ்சுப் பெட்டிகளும் ஏறின,
அவன் தோளில் இரண்டு அடுக்காய்.

ஒன்பதாம் மாடித் திருப்பத்தில்
ஒருநாள் ஒரு நாற்காலி இருந்தது.
நீலம், பிளாஸ்டிக், ஒரு கால் லேசாக வெளியே.
வைத்தது யார் என்று யாரும் சொல்லவில்லை.
உட்கார்ந்து எழுந்தவர்கள்
சொந்த நாற்காலிபோல் துடைத்துவிட்டுப் போனார்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம்
உறை பிரிக்காத புதுச் சோபா
யாரும் உட்காராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

நாற்பத்தேழாம் நாள் லிப்ட் இறங்கியது.
கதவு திறந்ததும் கைதட்டினோம்.
சோபாவை வெளியே எடுங்கள் என்றான் மெக்கானிக்.
யோகமலர் எடுக்கவில்லை.
உள்ளே போய் அதிலேயே உட்கார்ந்து
பைகளை மடியில் வைத்துக்கொண்டு
‘பதினாலை அழுத்து’ என்றாள்.

பூவரசனும் கைதட்டினான்.
பிறகு பக்கத்தில் வந்து மெதுவாக,
‘லைசன்ஸுக்கு இன்னும் எண்பது வெள்ளி குறையுதுண்ணே.
ஒரு வாரம் கழிச்சு வந்திருக்கலாம் இது.’

மறுவாரம் புது அறிவிப்பு.
படிக்கட்டை அடைக்கும் பொருள்களை எல்லாம்
வெள்ளிக்கிழமைக்குள் அகற்றவும்:
சைக்கிள், செருப்பு அலமாரி, பூச்சட்டி.
எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டபின்
கீழே ஒரு வரி சேர்த்தேன்,
‘ஒன்பதாம் மாடி நாற்காலி நீங்கலாக.’
கமிட்டியில் என்னைத் தவிர
தமிழ் படிப்பவர் இல்லை.

மூன்று தாளையும் பலகையில் வரிசையாய் வைத்தோம்.
மலாயில் ஐந்து வரி.
தமிழில் ஆறு.
சீனத்தை எண்ணிப் பார்த்தேன்,
அதிலும் ஆறு.
சியூ லெங் என்னைப் பார்க்காமல்
பல்லால் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

ரொஸ்லி இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு,
என்னுடையது மட்டும் ஏன் குட்டையாய் இருக்கிறது என்றார்.