நாற்பது டெசிபெல்

குமிழ் நாற்பதில் நிக்குது.
உள்ளே தகடு விழேல்லை.

மாங்குளத்து மத்தியானம்.
பஞ்சு பறக்குமென்று ஃபானை நிப்பாட்டிவிட்டுத்
திறக்கிறேன்:
ரப்பர் வளையம் உருகி
பலாப்பாலாய் ஒட்டிக் கிடக்கு.
எழுபத்தாறில் செய்த பெட்டி.
பொன்முலாம் தொடுமுனையில் விரல் படக்கூடாது,
எனக்கோ வேர்க்குது.
ஸ்பிரிட். குச்சி. திரும்பவும் ஸ்பிரிட்.

புது வளையம் போட்டுத் திருப்ப,
டிக்.
இப்பதான் சமிக்ஞை
நூறில் ஒன்றாய் மெலியுது.

சந்தோசத்தில் கொன்சலாவுக்குக் கோல் எடுத்தேன்.
கண்ணிவெடி அகற்றும் முகாமில்
டிடெக்டர்களைச் சோதிக்கிறவள்.
இந்த மெலிவு கேட்டால்தான்
அவளிடம் பாஸ்.

"எப்ப இருந்து ஒட்டினது?"

உருகின ரப்பரில் திகதி இல்லை என்றேன்.

மறுமுனையில் கொப்பி புரளும் சத்தம்.
பாஸான டிடெக்டர்களின் இலக்கங்களை
முதல் பக்கத்திலிருந்து
வாசிக்கத் தொடங்கினாள்.