டி ஏழு

பாசலில் எட்டு வாரக் கோடை வேலை.
எனக்கென்று அரை மேசை,
பையில் 'மார்லீஸ்' என்று தைத்த பழைய கோட்டு,
இன்னும் எவரும் உருவம் காணாத ஒரு புரதம்.

தொண்ணூற்றாறு குழி. குழிக்கொரு துளி.
காலையில் நுண்ணோக்கியில் குனிந்தால்
தெளிவு, தெளிவு, திரிந்த பால்,
தெளிவு,
என் கண்ணிமை முடி.

ஜன்னலுக்குக் கீழே
உடுப்பை மீன் பையில் கட்டி அணைத்தபடி
ரைன் ஆற்றில் ஊரே மிதந்து போகிறது.
எனக்குக் குளிரறை, நாலு பாகை.

ஏழாம் வாரம் டி ஏழில் ஒரு மினுக்கம்.
கத்தி போல் ஓரம்.
மதியம் சாப்பாடு இறங்கவில்லை.
அம்மாவிடமும் சொல்லவில்லை,
கண் பட்டுவிடும்.

ரேட்டோ ஊசியை நீட்டினான்.
"குத்து. புரதமென்றால் சத்தமின்றிப் பொடியும்.
உப்பென்றால் கேட்கும்."

வியாழன் குத்தவில்லை.
வெள்ளி மேசையைத் துடைத்தேன், இருமுறை.
திங்கள்

டிக்.

உப்புக்குப் பெறாத வேலை என்பார்களே,
உப்பையே பெற்றதற்கு என்ன சொல்வார்கள்?

குறிப்பேட்டில் எழுதினேன்: டி ஏழு, உப்பு.
"தேதி போடு," என்றான், தன் தட்டிலிருந்து தலை தூக்காமல்.
"அடுத்த கோடையில் வருகிறவள்
இதே துளிக்கு மதியச் சாப்பாட்டை விடக்கூடாது."

போட்டேன்.
டி எட்டு: தெளிவு.