மீதி இறங்கும்போது

ஹைகிரவுண்டில், பிணவறைக்கு அடுத்த கட்டடம்.
எலியின் மூளையை உறைய வைத்துச்
சீவுகிற வேலை எனக்கு.
ஒரு சீவல் நாற்பது மைக்ரான்.
பூண்டுத் தோல் அதைவிடத் தடிமன்.

சாயம் ஏறியபின் தெரிவார்கள்
மைக்ரோகிளியாக்கள்.
சின்ன உடம்பு, சுற்றிலும் சிலந்திக்கால்.
சும்மா இருக்கையிலும் சும்மா இராமல்
அக்கம்பக்கத்தைத் தடவித் தடவி
யாருக்கு என்ன என்று பார்க்கிறவர்கள்.
மேலப்பாளையத்து பல்கீஸ் அவர்களை எண்ணுகிறாள்.
அவளுக்கு அது பட்டம்.
எனக்கு அது, எப்படிச் சொல்ல,
வீட்டுக்காரர்.

செல்லுக்குள் இருக்கும்வரை ஏடிபி காசு.
இமைக்க, நினைக்க, ஒரு பெயரைப் பிடித்து நிறுத்த
அதைத்தான் எண்ணி வைக்க வேண்டும்.
அதே காசு செல் கிழிந்து வெளியே சிந்தினால்
கூப்பாடு.
அதைக் கேட்கத்தான் செல்லின் தோலில்
அத்தனை ஏற்பிகள்.
கொஞ்சமாய்ச் சிந்தினால்
மைக்ரோகிளியா கையை நீட்டும்,
ஓட்டையை அடைக்கும், திரும்பிவிடும்.

கொட்டிக்கொண்டே இருந்தால்
கேட்பது வேறொரு காது.
பி2எக்ஸ்7 என்று பெயர். மந்தம்.
சின்னக் குரலுக்குத் திரும்பாது.
திரும்பிவிட்டாலோ கதவைச் சாத்தாது.
பொட்டாசியம் வெளியே ஓட, உள்ளே தீ மூள,
நீட்டிய கைகளை எல்லாம் இழுத்துக்கொண்டு
உருண்டு திரண்டு நிற்கிற காவல்காரன்
பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கொளுத்துவான்.
எரிந்த வீட்டிலிருந்து மறுபடி காசு சிந்தும்.
மறுபடி கூப்பாடு.

வெள்ளம் வந்த மார்கழியில் பார்த்திருக்கிறேன்.
கொக்கிரகுளத்தில் ஒருத்தன் கத்தினான்,
நாலு பேர் கயிறோடு ஓடினார்கள்.
ராத்திரி ஊரே கத்தியபோது
யார் எதற்கென்று யாருக்கும் கேட்கவில்லை.

மாசானம் இருபத்தாறு வருஷம் கண்டக்டர்.
ஜங்ஷன், பாபநாசம்.
கண்ணை மூடிக்கொண்டு, ரோடு குலுக்குவதை வைத்தே
ஊர் சொல்லுவார்.
போன ஆடியில் வீரவநல்லூர் காணாமல் போனது.
மொத்த ஊரும்.
சேரன்மகாதேவி தாண்டினால் நேரே கல்லிடை.
சிரித்தோம்.
ஐப்பசியில், ஓடுகிற பஸ்ஸில்,
பையைத் திறந்து சில்லறையைத் தரையில் கொட்டிவிட்டு
இது யாருடையது என்று
ஒவ்வொரு சீட்டாய்க் கேட்டிருக்கிறார்.

தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர்.
எத்தனை ஸ்டாப் என்று நான் கேட்கவில்லை.

எலிக்கு அந்தக் கதவை அடைக்க மருந்து உண்டு.
பல்கீஸ் ஊசி போடுகிறாள்.
சில எலிகள் தொட்டித் தண்ணீருக்குள்
மறைந்திருக்கும் மேடையை ஞாபகமாய்க் கண்டுபிடித்து
ஏறி நின்று நடுங்குகின்றன.
மனுஷருக்கு எப்போ என்றேன் ஒரு தடவை.
அவள் அடுத்த தகட்டை வைத்தாள்.

காசு உடைந்து உடைந்து கடைசியில் அடினோசின்.
அது வந்து உட்கார்ந்தால் தூக்கம்.
அதன் சீட்டில் கருப்பட்டிக் காப்பி
துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்ளும்,
தூக்கம் நின்றுகொண்டே வரும்.
இப்போதெல்லாம் ராத்திரியில் மூன்று டம்ளர்.
வாசல் தாழ்ப்பாள் அவருக்கு எட்டுகிறது.

நேற்று ரெண்டு மணிக்கு அடுப்படியில் வெளிச்சம்.
காக்கிச்சட்டை. தோளில் பை இல்லை,
இருக்கிற இடத்தைக் கை அணைத்திருந்தது.
ஏட்டி என்று கூப்பிடுகிற வாய்
"ஏம்மா, எங்க இறங்கணும்?" என்றது.
"வீரவநல்லூர்" என்றேன், வேணும் என்றே.
வெகுநேரம் ரோட்டைப் பார்த்தார்.
"இருபத்து மூணு. சில்லறையா குடும்மா."
நூறு ரூபாய்தான் இருந்தது.
காலண்டரில் நாளைய தேதியைக் கிழித்து
பின்பக்கம் எழுதினார்: 77.
கணக்கு சரி.
"மீதிய இறங்கும்போது வாங்கிக்கோங்க."

ரெட்டை விசில்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.